தேசிய கீதத்துக்கு மெட்டு போட்டது அயர்லாந்துப் பெண்ணா? வேலூர் சிறையில் இருந்த மார்கரெட் கசின்ஸின் கதை

52 விநாடி. நம்ம தேசிய கீதத்தைப் பாடி முடிக்க ஆகும் நேரம் அவ்வளவுதான். எழுதியது யாருன்னு கேட்டா, மூணாம் கிளாஸ் பிள்ளைகூட 'ரவீந்திரநாத் தாகூர்'னு சொல்லிடும். 'சரி, மெட்டு போட்டது யாரு?'ன்னு கேட்டுப் பாருங்க. பாதிப் பேர் முழிப்பாங்க. மீதிப் பேர், 'யாரோ ஒரு அயர்லாந்து அம்மா பியானோவுல போட்டாங்களாமே, வாட்ஸ்அப்ல வந்துச்சே' என்பார்கள்.

அந்த ஃபார்வர்டு பாதிதான் உண்மை. மீதிப் பாதி அதைவிட சுவாரஸ்யம். அந்த அம்மாவின் பெயர் மார்கரெட் கசின்ஸ். பியானோ படித்தவர், புத்தகங்கள் எழுதியவர், பத்திரிகை நடத்தியவர். மாஜிஸ்திரேட்டாக நாற்காலியில் உட்கார்ந்தவர், கைதியாக சிறைக்கும் போனவர். அந்தச் சிறை இருந்தது எங்கேயோ இல்லை, வேலூரில். ஆரணியில் இருந்து 40 கிலோமீட்டருக்குள்தான். அப்போது ஆரணியும் வேலூரும் ஒரே வட ஆற்காடு மாவட்டம் வேறு.

பட்டுக்குப் பேர்போன ஆரணிக்கும் பியானோ வாசித்த இந்தப் பெண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? ஊர் பக்கத்துல இருக்கு என்பது மட்டும் இல்லை. மெட்டு யாருடையது என்ற கேள்விக்கு நல்ல பதில் ஆரணித் தறியில் இருக்கு. வாங்க, முதல்ல இருந்து பார்ப்போம்.

பியானோ படித்த பெண்

மார்கரெட் எலிசபெத் கில்லஸ்பி 1878 நவம்பர் 7-ம் தேதி அயர்லாந்தின் பாய்ல் என்ற சிறு ஊரில் பிறந்தார். நிறைய பிள்ளைகள் இருந்த வீட்டில் மூத்தவர். அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் ஓரளவு வசதியான வீட்டுப் பெண்ணுக்கு பியானோ சொல்லிக் கொடுப்பது, நம்ம வீடுகளில் பெண் பார்க்க வரும்போது 'பொண்ணு பாடுமா?'ன்னு கேட்டாங்களே, அது மாதிரி. வரவேற்பறையோடு சரி. மேடை, பட்டம், சம்பளம் என்று போனவர்கள் குறைவு.

மார்கரெட் போனார். டப்ளினில் உள்ள ராயல் ஐரிஷ் அகாடமி ஆஃப் மியூசிக்கில் படித்து, 1902-ல் இசையில் இளநிலைப் பட்டம் வாங்கினார். இசை டீச்சராக வேலையும் பார்த்தார். 1903-ல் ஜேம்ஸ் கசின்ஸ் என்ற கவிஞரைக் கல்யாணம் செய்துகொண்டார். இரண்டு பேருமே சைவ உணவுக்காரர்கள். அன்றைய அயர்லாந்தில் இதுவே பெரிய ஆச்சர்யம்!

கண்ணாடி உடைத்த கை

அப்போது பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நாடாளுமன்றத் தேர்தலில் பெண்களுக்கு ஓட்டு கிடையாது. 1908-ல் ஹன்னா ஷீஹி ஸ்கெஃபிங்டன் என்ற தோழியோடு சேர்ந்து ஐரிஷ் பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தைத் தொடங்கினார் மார்கரெட். மனு கொடுத்தார்கள், கூட்டம் போட்டார்கள். பலன் இல்லை.

1910-ல் லண்டன் போராட்டத்துக்குப் போன மார்கரெட், பிரதமர் வீட்டு ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டு ஹாலோவே சிறையில் ஒரு மாதம் இருந்தார். 1913-ல் டப்ளின் கோட்டையின் கண்ணாடி. இந்த முறை டல்லமோர் சிறை. 'நாங்க திருடிகள் இல்லை, அரசியல் கைதிகள்' என்று உண்ணாவிரதம் இருந்து, அந்த உரிமையையும் வாங்கினார்கள்.

பியானோ வாசிக்கிறவர்களுக்கு விரல்தான் சொத்து. அந்தக் கையால் கண்ணாடியை உடைக்கத் துணிந்தவர் இவர். இந்தத் துணிச்சல் பின்னாடி சென்னையிலும் வரும், பாருங்க.

மதனப்பள்ளியில் ஒரு மாலை

1915-ல் கணவனும் மனைவியும் இந்தியாவுக்கு வந்தார்கள். சென்னையில் அன்னி பெசன்ட் நடத்திய 'நியூ இந்தியா' பத்திரிகையில் ஜேம்ஸுக்கு வேலை. அடுத்த வருடமே, அயர்லாந்தில் நடந்த எழுச்சியைப் பாராட்டி எழுதியதால் அந்த வேலை போனது. பிறகு மதனப்பள்ளியில் பிரம்மஞான சபையினர் நடத்திய கல்லூரிக்குப் போனார்கள். இன்று ஆந்திராவில் இருக்கும் மதனப்பள்ளி அன்று சென்னை மாகாணத்துக்குள்தான் இருந்தது.

1919 பிப்ரவரியில், தென்னிந்தியப் பயணத்தில் இருந்த தாகூர் ஓய்வெடுக்க மதனப்பள்ளிக்கு வந்தார். மாணவர்களும் ஆசிரியர்களும் மாலையில் கூடிப் பாடுவது அங்கே பழக்கம். அப்படி ஒரு மாலையில் தாகூர் 'ஜன கண மன' பாடினார். பல்லவி மாதிரி திரும்பத் திரும்ப வரும் இடத்தில் மாணவர்களும் சேர்ந்துகொண்டார்கள். வங்காளம் தெரியாத பிள்ளைகள்! அங்கேயே அந்தப் பாட்டை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, தன் கையெழுத்திலேயே எழுதியும் கொடுத்தார் தாகூர்.

மார்கரெட் செய்த வேலை என்ன? தாகூர் பாடியதைக் கேட்டு, அந்த மெட்டை மேற்கத்திய இசைக்குறிப்பாக எழுதினார். ஐந்து கோடுகள், அதன் மேல் புள்ளிப் புள்ளியாகச் சுரங்கள். பியானோ தெரிந்த யார் கையில் அந்தத் தாள் கிடைத்தாலும், தாகூரைப் பார்க்காமலே, வங்காளம் தெரியாமலே அந்த மெட்டை வாசிக்கலாம்.

அப்போ மெட்டு யாருடையது?

இங்கேதான் ஃபார்வர்டு தடுமாறுது. 'ஜன கண மன' முதன்முதலில் பொதுமேடையில் பாடப்பட்டது 1911 டிசம்பர் 27-ல், கல்கத்தா காங்கிரஸ் மாநாட்டில். மார்கரெட் அதைக் கேட்டது 1919-ல். ஏழு வருடத்துக்கு முன்னாடியே பாடப்பட்ட பாட்டுக்கு இவர் புதுசா மெட்டு போட்டிருக்க முடியாது. மெட்டு தாகூருடையது. மார்கரெட் அதை எழுதி வைத்தவர்.

'அவ்வளவுதானா?' என்று தோன்றுகிறதா? அங்கேதான் நாம் கொஞ்சம் நிற்க வேண்டும்.

இசை உலகில் பெண்களுடைய பெயர் காணாமல்போன கதைகள் ஏராளம். ஜெர்மனியில் ஃபேன்னி மெண்டல்சன் என்றொருவர் இருந்தார். பியானோவுக்காகவும் பாடகர்களுக்காகவும் 400-க்கும் மேல் இசைப்படைப்புகள் எழுதியவர். அதில் சில பாடல்கள் தம்பி ஃபெலிக்ஸ் பெயரில் அச்சாயின. 1842-ல் விக்டோரியா ராணி, ஃபெலிக்ஸ் முன்னாலேயே தனக்குப் பிடித்த பாட்டு என்று ஒன்றைப் பாடினார். 'அது என் அக்கா எழுதியது' என்று அப்போது ஒப்புக்கொள்ள வேண்டியதாகிவிட்டது அவருக்கு.

இப்படிப்பட்ட கதைகளைக் கேட்டதும் கோபம் வரும். வரணும். ஆனா, அந்தக் கோபத்தில் செய்யாத வேலையை இன்னொரு பெண்ணின் தலையில் கிரீடமாக வைப்பதும் சரியில்லை. 'மெட்டு போட்டவர்' என்று சொல்லிவிட்டால், மார்கரெட் உண்மையில் செய்த வேலை மறைந்துபோகும். 'வெறுமனே எழுதினவங்கதானே' என்று ஒதுக்கினாலும் அதேதான்.

ஆரணித் தறி சொல்லும் பதில்

ஆரணியில் ஜக்கார்டு பெட்டி மாட்டிய பட்டுத் தறியைப் பார்த்திருக்கீங்களா? தறிக்கு மேலே மாலை மாதிரி அட்டைகள் தொங்கும். ஒவ்வொரு அட்டையிலும் துளைகள். துளை இருக்கும் இடத்தில் ஒரு கணக்குப்படி பாவு நூல் மேலே தூக்கும், இல்லாத இடத்தில் கீழேயே இருக்கும். அதன் நடுவில் ஊடை நூல் ஓடும். ஓர் அட்டை முடிந்தால் அடுத்தது. இப்படித்தான் சேலையில் மாங்காயும் மயிலும் புட்டாவும் பார்டரும் பிறக்குது. 1800-களின் தொடக்கத்தில் பிரான்சில் ஜோசப் மேரி ஜக்கார்டு உருவாக்கிய கருவி இது.

மயிலைக் கற்பனை செய்து வரைபவர் ஒருவர். அந்த வரைபடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து அட்டையில் துளை போடுகிறவர் இன்னொருவர். நூல் சுற்றிக் கொடுப்பவர்கள், அதுவும் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். தறியில் உட்கார்ந்து நெய்பவர் இன்னொருவர். மயிலை யார் 'செய்தது'? வரைந்தவருக்குத்தான் முதல் பெயர், சந்தேகமே இல்லை. ஆனா, துளை போட்ட அட்டை இல்லையென்றால் அந்த மயில் ஒரு காகிதத்தில் ஒரே ஒரு மயிலாகத்தான் இருந்திருக்கும். அட்டை வந்த பிறகுதான் அதே மயில் நூறு சேலையில் தோகை விரிக்குது.

மார்கரெட் செய்தது இந்த அட்டைக்காரரின் வேலை. இது சும்மா சொல்லும் உவமை இல்லை. 1900-களின் தொடக்கத்தில் மேல்நாட்டு வீடுகளில் 'பியானோலா' என்ற கருவி பிரபலம். துளை போட்ட காகிதச் சுருளை மாட்டினால் பியானோ தானாகவே வாசிக்கும். ஜக்கார்டு அட்டையின் அதே யோசனைதான். துளையில் பூவையும் எழுதலாம், பாட்டையும் எழுதலாம்.

எழுதி வைப்பதன் அருமை நம்ம நாட்டுக்கு 1947-ல் நன்றாகவே புரிந்தது. நியூயார்க்கில் ஐ.நா. பொதுச்சபையில் இசைக்குழு வாசிக்க, 'உங்க தேசிய கீதம் எது?' என்று இந்தியக் குழுவிடம் கேட்டார்கள். நம்மவர்களிடம் இருந்தது 'ஜன கண மன' இசைத்தட்டு. இசைக்குழு அதைக் கேட்டுப் பயிற்சி எடுத்து வாசித்தது. பாராட்டு குவிந்தது. பல நாட்டுப் பிரதிநிதிகள் உடனே கேட்டது என்ன தெரியுமா? இந்தப் பாட்டின் இசைக்குறிப்பை! 1948 ஆகஸ்டில் அரசியல் நிர்ணய சபையில் நேருவே இதைச் சொன்னார். 1950 ஜனவரி 24-ல் அது அதிகாரபூர்வமாகத் தேசிய கீதமானது.

எழுத்தில் அடங்காத சுரம்

எல்லாப் பாட்டையும் இப்படி எழுதிவிடலாமா? முடியாது.

பியானோவில் மொத்தம் 88 கட்டைகள், 52 வெள்ளை, 36 கறுப்பு. ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவில் ஒன்றும் கிடையாது. நம்ம கர்னாடக சங்கீதமோ அந்த 'நடுவில்'தான் உயிர் வாழுது. வீணையில் தந்தியை இழுத்து ஒரு சுரத்தை அசைப்பாங்களே, அந்தக் கமகத்தைப் பியானோவில் கொண்டுவர முடியாது.

'ஜன கண மன' இதில் தப்பித்தது. அதன் சுரங்கள் பெரும்பாலும் நம்ம சங்கராபரணத்தின் சுரங்கள்தான். மேற்கத்திய இசையில் இதை மேஜர் ஸ்கேல் என்பார்கள். கமகமும் அதிகம் கிடையாது. அதனால் கிட்டத்தட்ட முழுப் பாட்டையும் வெள்ளைக் கட்டைகளிலேயே வாசிக்கலாம். எழுதுவதும் எளிது.

கஷ்டமான பாட்டுகளை எழுதி வைக்க முயன்றவர்களும் நம்மிடம் உண்டு. சின்னசாமி முதலியார் 1890-களில் சென்னையில், கர்னாடக இசைக் கீர்த்தனைகளை மேற்கத்திய இசைக்குறிப்பில் அச்சிட்டார். எட்டயபுரத்தில் 1904-ல் சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' வெளிவந்தது. கமகங்களுக்கென்றே தனிக் குறியீடுகள் போட்ட நூல் அது. முத்துசாமி தீட்சிதரின் நிறைய கீர்த்தனைகள் இன்று நம் கையில் இருப்பதற்கு அந்த எழுத்து வேலை பெரிய காரணம்.

இரண்டு இசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் மார்கரெட். 1935-ல் அவர் வெளியிட்ட புத்தகத்தின் பெயரே 'கிழக்கின் இசையும் மேற்கின் இசையும்' என்ற பொருள் தருவது. தாகூரின் பாட்டைக் குறித்து வைத்தது ஒருநாள் தற்செயல் இல்லை. அது அவரது வாழ்நாள் ஆர்வம்.

பியானோவில் இருந்து பேனாவுக்கு

மதனப்பள்ளிக் கதையோடு இவரை நிறுத்திவிட்டால் பெரிய இழப்பு. 1917-ல் அடையாறில், அன்னி பெசன்ட், டொரோதி ஜினராஜதாசா ஆகியோரோடு சேர்ந்து இந்திய மாதர் சங்கத்தைத் தொடங்கினார். சங்கத்தின் பத்திரிகை 'ஸ்திரீ தர்மா'. அதன் ஆசிரியர் பொறுப்பும் மார்கரெட்டிடம். ஆங்கிலப் பத்திரிகைதான், ஆனாலும் தமிழ் உட்பட இந்திய மொழிகளுக்கும் அதில் இடம் இருந்தது.

அதே ஆண்டு டிசம்பரில், இந்தியாவுக்கான மந்திரி மாண்டேகு சென்னைக்கு வந்தபோது, சரோஜினி நாயுடு தலைமையில் ஒரு பெண்கள் குழு அவரைச் சந்தித்தது. கோரிக்கை ஒன்றுதான்: இந்தியப் பெண்களுக்கும் ஓட்டு வேண்டும். அந்தச் சந்திப்பின் பின்னால் ஓடியாடி வேலை பார்த்தவர் மார்கரெட். 1921-ல் பெண்களுக்கு ஓட்டுரிமை கொடுத்த முதல் மாகாணமானது சென்னை. சொத்துத் தகுதி இருந்தவர்களுக்கு மட்டும்தான், ஆனாலும் கதவு திறந்தது. 1926 தேர்தலில் போட்டியிடும்படி கமலாதேவி சட்டோபாத்யாயைத் தூண்டியதும் இவர்தான். அகில இந்தியப் பெண்கள் மாநாடு 1927-ல் புனேயில் முதன்முதலாகக் கூடியதற்கும் இவர் எழுதிய கடிதங்களே விதை.

கவனிச்சீங்களா? இங்கேயும் அதே வேலைதான். மேடையில் முன்னால் நிற்பது இந்தியப் பெண்கள். மனு எழுதுவது, கடிதம் அனுப்புவது, பத்திரிகை கொண்டுவருவது மார்கரெட். ஒருவருடைய குரலைப் பலரிடம் சேர்க்கும் வேலை.

மாஜிஸ்திரேட், பிறகு கைதி

1920-களின் தொடக்கத்தில் சென்னையில் கௌரவ மாஜிஸ்திரேட்டாக நியமிக்கப்பட்டார். இந்தியாவின் முதல் பெண் மாஜிஸ்திரேட் இவர்தான். ஜன்னல் உடைத்ததற்காக இரண்டு முறை ஜெயிலுக்குப் போனவரை, அதே பிரிட்டிஷ் ஆட்சி நீதிபதி நாற்காலியில் உட்காரவைத்தது!

அந்த மரியாதைக்காக அவர் வாயை மூடிக்கொள்ளவில்லை. 1932-ல் பேச்சுரிமையைப் பறிக்கும் அவசரச் சட்டங்களை எதிர்த்துச் சென்னையில் பேசினார். கைது. ஓராண்டு தண்டனை. அனுப்பிய இடம், வேலூர் பெண்கள் சிறை.

உப்பு சத்தியாகிரகத்தில் கைதான ருக்மிணி லட்சுமிபதி, காந்தியவாதி அம்புஜம்மாள் என்று பலரைப் பார்த்த சிறை அது. அவர்கள் தங்கள் நாட்டுக்காகப் போனார்கள். மார்கரெட் அந்நியர். வெள்ளைக்காரப் பெண்மணியாக அடையாறில் சௌகரியமாக இருந்திருக்கலாம். அப்போது 54 வயது வேறு. 1933 அக்டோபரில் விடுதலையாகி வெளியே வந்தார். மூன்று வருடம் கழித்து, 1936-ல் அகில இந்தியப் பெண்கள் மாநாட்டின் தலைவரானார்.

கடைசி வருடங்கள்

1940-களின் நடுவில் பக்கவாதம் அவரைப் படுக்கையில் தள்ளியது. கையும் விரலுமாக வாழ்ந்த ஒருவருக்கு இதைவிடக் கொடுமை என்ன இருக்க முடியும்? சென்னை அரசும், பிறகு நேருவும் அவருடைய சேவையை மதித்துப் பண உதவி செய்தார்கள்.

1950-ல், அவர் குறித்து வைத்த பாட்டு தேசிய கீதமான அதே ஆண்டில், கணவனும் மனைவியும் சேர்ந்து எழுதிய தன்வரலாறு சென்னையில் வெளிவந்தது. 'நாம் இருவரும் சேர்ந்து' என்ற பொருள்கொண்ட தலைப்பு. இவர் கொஞ்சம், அவர் கொஞ்சம் என்று மாறி மாறிப் பேசும் பெரிய புத்தகம் அது. மதனப்பள்ளி மாலை பற்றி நமக்குத் தெரிவதற்கும் அந்தப் புத்தகம்தான் முக்கியக் காரணம். அந்த நாளையும் எழுதி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்!

1954 மார்ச் 11-ம் தேதி மார்கரெட் கசின்ஸ் காலமானார்.

நம்ம வீட்டிலும் ஒரு மெட்டு இருக்கு

நம்ம ஒவ்வொரு வீட்டிலும் எழுதப்படாத பாட்டு ஒன்றாவது இருக்கும். ஆயா பாடின தாலாட்டு, அத்தை பாடின நலங்குப் பாட்டு, சாவு வீட்டில் பெரியம்மா சொன்ன ஒப்பாரி. அவங்க போனா அதுவும் போச்சு. மேற்கத்திய இசைக்குறிப்பு தெரியணும்னு இல்லை, உங்க கையில் இருக்கும் மொபைலே போதும்.

* முதலில் சும்மா பாடச் சொல்லிப் பதிவு பண்ணுங்க. தப்பா பாடினா திருத்தாதீங்க. அவங்க பாடுற விதம்தான் முக்கியம்.
* ஃபேனையும் டிவியையும் நிறுத்திடுங்க. தறி ஓடுற வீடா இருந்தா, தறி நின்ற நேரமாப் பாருங்க.
* பாட்டு முடிந்ததும் நாலு கேள்வி கேளுங்க: யாருகிட்ட கத்துக்கிட்டீங்க? எந்த ஊர்ல? எப்போ பாடுவாங்க? இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்?
* வரிகளை ஒரு நோட்டில் எழுதி, பாடினவர் பெயர், தேதி, ஊர் போட்டு, கடைசியில் எழுதினவர் பெயரையும் போடுங்க.
* ஒரே போனில் வைக்காதீங்க. குடும்பத்துல இன்னும் ரெண்டு பேருக்கு அனுப்பிடுங்க.

நாலாவது குறிப்பை மட்டும் மறந்துடாதீங்க. பாடினவர் பெயர் ஒரு வரி, எழுதினவர் பெயர் இன்னொரு வரி. இரண்டும் சரியான இடத்தில் இருந்தா, நாளைக்கு யாரும் வாட்ஸ்அப்பில் மாற்றி எழுத முடியாது.